லேபிளை மறைத்துவிட்டு ஒப்பிடுங்கள்: கிராஃப்ட் பீர், இறக்குமதி பீர் சுவைத்துப் பார்க்க முழு வழிகாட்டி

"கிராஃப்ட் மேலா, இறக்குமதி மேலா?" என்று பீர் ரசிகர்கள் மணிக்கணக்கில் வாதாடுவார்கள். கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. கிராஃப்ட் என்ற சொல் யார் காய்ச்சினார்கள் என்பதைச் சொல்கிறது. இறக்குமதி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. நாக்கில் என்ன படும் என்பதை இரண்டுமே சொல்வதில்லை. அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் வரையறைப்படி, ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் போகாமல், வேறு பெரிய மதுபான நிறுவனத்தின் கையில் 25 சதவீதப் பங்கு சிக்காமல் இருக்கும் ப்ரூவரியே (பீர் காய்ச்சும் ஆலை) கிராஃப்ட். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா அதில் அடங்கும். அதன் பேல் ஏல் என்ற பீர் கடல் கடந்து ஆசியாவுக்கு வந்து இறங்கினால் அதே பாட்டில் இறக்குமதியும் ஆகிவிடுகிறது.

பெரும்பாலான ஒப்பீடுகளில் நிஜமாக மோதிக்கொள்வது இரண்டு பீர்கள் அல்ல, அவை வந்து சேர்ந்த வழிகள். ஒன்று மூன்று வாரம் முன்பு காய்ச்சி, குளிரிலேயே இருந்தது. இன்னொன்று செங்கடல் வெயிலில் இரும்பு கன்டெய்னருக்குள் கிடந்து, கிடங்கில் நாலு மாதம் காத்து, கடையின் டியூப்லைட் கீழே நின்றது. இந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சமன் செய்த பிறகே பீரைப் பற்றிப் பேச முடியும்.

ஒரே வகைக்குள் நில்லுங்கள்

லாகரையும் (குளிரில் மெதுவாகப் புளிக்கவைக்கும் பீர்) ஸ்டவுட்டையும் (வறுத்த தானியத்தால் கருத்த பீர்) அருகருகே வைத்து எது நல்லது என்று கேட்பது, ரசத்தையும் பாயசத்தையும் ஒப்பிடுவது போலத்தான். ஒரு அமர்வுக்கு ஒரு வகை, அதற்குள் நாலு அல்லது ஐந்து பீர். அதற்கு மேல் போனால் நாக்கு களைத்துவிடும்.

தொடங்குவதற்குக் கோதுமை பீரே வசதி. கசப்பு குறைவு, மணம் தெளிவு, கிடைப்பதும் எளிது. ஆனால் இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. ஜெர்மன் ஹெஃபெவைசன் ஒரு வகை. பெல்ஜிய விட்பீர் வேறு வகை. வைஹென்ஸ்டெஃபானர் (ஆல்கஹால் 5.4 சதவீதம்), எர்டிங்கர் (5.3), ஷ்னைடர் வைஸ் (5.4) போன்றவற்றில் வரும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஈஸ்ட் மட்டுமே தருபவை, வாசனைப் பொருள் எதுவும் சேர்ப்பதில்லை. ஹோகார்டன் (4.9) பெல்ஜிய விட். முளைகட்டாத கோதுமையோடு கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்துக் காய்ச்சுவது. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் "இதில் வாழைப்பழமே இல்லை" என்று யாராவது ஹோகார்டனுக்கு மதிப்பெண் குறைப்பார். பெங்களூர் ப்ரூபப் (அங்கேயே காய்ச்சி விற்கும் பார்) ஒன்றின் ஹெஃபெவைசனை எடுத்தால் எதிரே மூன்று ஜெர்மன் பாட்டில்களை வையுங்கள்.

பில்ஸ்னர் வரிசைக்கு அளவுகோல் பில்ஸ்னர் உர்க்வெல், 4.4 சதவீதம். 1842இல் செக் நாட்டின் பில்சென் நகரில் யோசஃப் க்ரோல் காய்ச்சிய பீரின் வழிவந்தது. அதில் மெல்லிய வெண்ணெய் வாசம் இருந்தால் குறையாகக் கொள்வதில்லை. அதே வாசம் ஒரு ஜெர்மன் பில்ஸ்னரில் வந்தால் குறை. ஆகவே செக் பாணியையும் ஜெர்மன் பாணியையும் தனித்தனி வரிசையாக்குவதே நல்லது.

தமிழர்கள் வாழும் ஊர்களில் மிகச் சுலபமாகக் கூட்டக்கூடிய, ஆனால் அதிகம் பேர் செய்து பார்க்காத வரிசை வெப்பமண்டல ஸ்டவுட். இலங்கையின் லயன் ஸ்டவுட், சிங்கப்பூரில் கிடைக்கும் ஏ.பி.சி. ஸ்டவுட், ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட் எல்லாம் ஒரே குடும்பம்: அடர்த்தி, இனிப்பு, பலவற்றில் 7 சதவீதத்தையும் தாண்டும் வீரியம். இந்தக் குடும்பத்தில் பல லாகர் ஈஸ்ட்டால் புளிக்கவைப்பவை. இவற்றோடு அயர்லாந்தில் காய்ச்சிய கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ராவை (7.5 சதவீதம்) வைத்தால் வறட்சியும் கசப்பும் எவ்வளவு கூடுதல் என்பது முதல் வாயிலேயே தெரியும். அந்தக் கின்னஸ் நாட்டுக்கு நாடு வேறு ப்ரூவரியில், வேறு வீரியத்தில் வருவதால் எங்கே காய்ச்சியது என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். நுரைக்காக உள்ளே நைட்ரஜன் உருண்டை போட்ட கின்னஸ் டிராஃப்ட் கேனை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம். 4.2 சதவீதம் மட்டுமே உள்ள வேறு பீர் அது, நுரையும் வேறு.

எங்கே காய்ச்சியது என்று பார்க்கும் எச்சரிக்கை எல்லா வகைக்கும் பொருந்தும். இந்தியாவில் விற்கும் பட்வைசர், ஹைனகன், கார்ல்ஸ்பெர்க் இந்தியாவிலேயே காய்ச்சுபவை. வெளிநாட்டுப் பெயர் இருப்பதால் மட்டும் அது இறக்குமதி ஆகாது.

தேதியைப் படித்து வாங்குங்கள்

விலையைப் பார்ப்பதற்கு முன் தேதியைப் பாருங்கள். கேனின் அடியில், பாட்டிலின் கழுத்தில், பின் லேபிளின் ஓரத்தில் இருக்கும். இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் சில நேரம் மூலத் தேதியின் மேலேயே ஒட்டப்பட்டிருக்கும். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தால் கீழே அச்சு தெரியும்.

அமெரிக்கக் கேன்களில் பெரும்பாலும் அடைத்த நாள் இருக்கும். ஐரோப்பிய பாட்டில்களில் பொதுவாக "இதற்குள் குடிக்கவும்" நாள்தான் இருக்கும். லாகருக்கும் கோதுமை பீருக்கும் அது பெரும்பாலும் அடைத்ததிலிருந்து ஓராண்டுக்கு அருகில் வைக்கப்படுவது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடலாம். 25135 என்பது போல ஐந்து இலக்கம் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் 2025ஆம் ஆண்டின் 135ஆவது நாள், அதாவது மே 15.

எவ்வளவு பழையதை ஏற்கலாம்? ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்), பேல் ஏல் என்றால் மூன்று மாதம். அதற்குப் பிறகு ஹாப்ஸின் (கசப்பும் மணமும் தரும் பூ) பழ மணம் மங்கி, மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய தானியம்) கேரமல் இனிப்பு மேலே வந்துவிடும். பில்ஸ்னருக்கும் கோதுமை பீருக்கும் ஆறு மாதம். வீரியமான ஸ்டவுட் ஓராண்டு தாங்கும். பெல்ஜியத்தின் ரோஷ்ஃபோர் 10 (11.3 சதவீதம்), சீமே நீலம் (9 சதவீதம்) போன்றவை ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஒப்பீட்டில் வைக்கும் பீர்களுக்கு இடையே அடைத்த நாள் வித்தியாசம் இரண்டு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. அப்படிக் கிடைக்காவிட்டால் வித்தியாசத்தைத் தாளில் குறித்துவிட்டு, முடிவை அந்த அளவுக்கே நம்புங்கள்.

நிறமும் முக்கியம். பழுப்பு பாட்டில் ஒளியை நன்றாகத் தடுக்கும், பச்சை அதைவிட மோசம், வெள்ளை பாட்டில் அநேகமாகத் தடுப்பதே இல்லை. கேனுக்கு இந்தக் கவலையே கிடையாது. கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜில் விளக்குக்கு நேராக நிற்கும் முதல் பாட்டிலை விட்டுவிட்டுப் பின்வரிசையிலிருந்து எடுங்கள். அட்டைப் பெட்டி பிரிக்காமல் இருந்தால் அதிலிருந்து கேளுங்கள்.

தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் மட்டுமே இருப்பதால், கிடைக்கும் வகை கடையைப் பொறுத்தது. வேறு மாநிலத்திலிருந்து கொண்டுவர நினைப்பவர்கள் சட்ட வரம்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

வெயில்தான் முதல் எதிரி

ப்ரூவரிகளில் 3-30-300 என்றொரு கைக்கணக்கு உண்டு. 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: மூன்றிலும் பீர் ஏறத்தாழ ஒரே அளவு பழசாகிறது. சென்னை மே மாதத்தில் காரின் டிக்கியில் ஒரு பகல் கிடந்த பாட்டில் எத்தனை வாரத்தை இழந்திருக்கும் என்று இதைக் கொண்டே ஊகிக்கலாம். வாங்கும்போதே ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள், வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் நிற்க வையுங்கள், சுவைக்கும் நாள்வரை எடுக்காதீர்கள். படுக்க வைக்க வேண்டாம். ஈஸ்ட் பக்கவாட்டில் படிந்து ஊற்றும்போது கலங்கும்.

குளிர்ந்த பீர் ஒருமுறை சூடானால் கெட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஒருமுறை சூடாகிக் குளிர்வதால் மட்டும் பீர் பாழாவதில்லை. எத்தனை டிகிரியில் எத்தனை நாள் கிடந்தது என்பதுதான் கணக்கு.

கிளாஸ்

எல்லோருக்கும் எல்லா பீருக்கும் ஒரே வடிவக் கிளாஸ். மேலே குறுகும், 200 மி.லி. பிடிக்கும் ஒயின் கிளாஸ் போதும். குறுகிய வாய் மணத்தைப் பிடித்து வைக்கும். ஒரு பீருக்கு அதன் பிராண்டுக் கிளாஸும் இன்னொன்றுக்கு டீ டம்ளரும் என்றால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பு மிச்சமிருந்தால் நுரை உடனே அடங்கும், எலுமிச்சை வாசமும் ஒட்டிக்கொள்ளும். வாசமில்லாத சோப்பில் கழுவி, நன்றாக அலசி, கவிழ்த்து உலர விடுங்கள். துணியால் துடைக்காதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் செய்யுங்கள். கிளாஸ் சுத்தமா என்று பார்க்க, உள்ளே நனைத்து உப்புத்தூள் தூவுங்கள். உப்பு ஒட்டாத இடத்தில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. ஊற்றிய பீரில் குமிழ்கள் கிளாஸின் சுவரோடு ஒட்டி நின்றாலும் அதே அர்த்தம். கிளாஸை ஃப்ரீசரில் வைக்கும் பழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள்; உறைபனி உருகி பீரில் தண்ணீர் சேரும், குளிரில் மணம் எழவே எழாது.

வெப்பநிலை

பில்ஸ்னர் 5 முதல் 7 டிகிரி. கோதுமை பீர், பேல் ஏல், ஐ.பி.ஏ. 7 முதல் 10. ஸ்டவுட் 10 முதல் 13. வீரியமான பெல்ஜிய ஏல் 10 முதல் 14. சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஊகம் இங்கே ஏமாற்றும். வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருந்தால் ஸ்டவுட்டை அரை மணி முன்னதாகவே வெளியே எடுக்க வேண்டும்.

30 டிகிரி அறையில் கிளாஸில் இருக்கும் 75 மி.லி. பீர் மளமளவென்று சூடாகும். அதனால் ஐந்து பீரையும் ஒரேயடியாக ஊற்றி வரிசைப்படுத்தாதீர்கள். இரண்டிரண்டாக ஊற்றுங்கள். அவசரமாகக் குளிர்விக்க வேண்டியிருந்தால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் உள்ள வாளியில் அரை மணி வையுங்கள். வெறும் ஐஸைவிடத் தண்ணீர் கலந்த ஐஸ் வேகமாக வேலை செய்யும், பாட்டிலைச் சுற்றிலும் தொடுவதால். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் பாட்டில் வெடிக்கும்.

ஊற்றுபவர் ஒருவர், சுவைப்பவர் மற்றவர்கள்

ஒருவர் ஊற்றுபவராக இருக்கட்டும். அவர் அன்று மதிப்பெண் போடக்கூடாது. அவர் வேலை இதுதான்.

முதலில், ஒவ்வொரு பீருக்கும் மூன்று இலக்க எண் ஒன்று தருவது: 417, 862, 295, 638 என்பது போல. 1, 2, 3 என்றோ அ, ஆ, இ என்றோ தந்தால் "முதலாவது" என்பதே மனதில் ஒரு தகுதியாகிவிடும். எண்ணுக்கும் பீருக்கும் உள்ள பட்டியல் அவர் பையில் மடித்து இருக்கட்டும்.

அடுத்து, வேறு அறையில் திறந்து ஊற்றுவது. கேன் திறக்கும் சத்தமும் பாட்டில் மூடி கழலும் சத்தமும் வேறு. காது அதைக் கவனிக்கும்.

மூன்றாவது, ஜக். பாட்டிலிலிருந்து நேராக ஆறு கிளாஸுக்கு ஊற்றினால் முதல் கிளாஸில் தெளிவான பீரும் கடைசிக் கிளாஸில் ஈஸ்ட் குழம்பும் விழும். கோதுமை பீரில் இந்த வித்தியாசம் மிகப் பெரியது: ஒருவர் மென்மையான, லேசான பீரைக் குடித்துக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவர் ரொட்டி மாவு வாசமும் கிராம்பும் தூக்கலான கலங்கல் பீரைக் குடித்துக்கொண்டிருப்பார். இருவரும் ஒரே பீரைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனவே பாட்டிலின் முக்கால் பங்கை ஜக்கின் சுவரோரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். மிச்சத்தை மெதுவாகச் சுழற்றி அடி ஈஸ்ட்டைக் கலக்கி அதையும் சேர்த்து, பிறகு கிளாஸுக்குப் பிரியுங்கள். பெல்ஜிய ட்ரிப்பெல் (வீரியமான பொன்னிற ஏல்) போன்றவற்றுக்கு நேர்மாறு: ஒருநாள் அசையாமல் நின்ற பாட்டிலிலிருந்து அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிட்டு ஜக்குக்கு மாற்றுங்கள். ஜக்கில் ஊற்றினால் வாயு கொஞ்சம் போகும். எல்லா பீருக்கும் அதையே செய்தால் யாருக்கும் அநியாயம் இல்லை.

அளவு ஒரு கிளாஸுக்கு 75 மி.லி. 330 மி.லி. பாட்டில் நாலு பேருக்கும், 500 மி.லி. பாட்டில் ஆறு பேருக்கும் போதும். ஆறு கிளாஸ் குடித்தால் மொத்தம் 450 மி.லி.; சராசரி 6 சதவீதம் என்றால் சுத்த ஆல்கஹால் 27 மி.லி. 650 மி.லி. லாகர் பாட்டில் ஒன்றைவிடக் குறைவுதான், ஆனாலும் அதற்குப் பிறகு யாரும் வண்டி எடுக்கக்கூடாது. 9 சதவீத பீர்கள் என்றால் 50 மி.லி.யாகக் குறையுங்கள்.

வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். ஒருவர் 417இல் தொடங்கினால் அடுத்தவர் 638இல். முதலில் வரும் பீர் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், கசப்பான ஒன்றுக்குப் பின் வருவது இனிப்பாகத் தோன்றும். சுழற்சி இருந்தால் இந்தச் சாய்வு எல்லா பீருக்கும் சமமாகப் பகிர்ந்துவிடும்.

அறையும் வாயும்

ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட், தலையில் மல்லிகை எதுவும் வேண்டாம். பக்கத்து அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தால் ஹாப்ஸ் மணம் தேறாது. ஒரு மணி நேரம் முன்பிருந்தே காப்பி, வெற்றிலை, பற்பசை, காரம் தவிர்க்கவும். பீருக்கு இடையே குளிராத தண்ணீரும், உப்பும் காரமும் சேர்க்காத வெறும் பொரியும் போதும். பொரி இதற்கு அருமையான பொருள், தனக்கென்று வாசம் இல்லை. மிக்சரும் மீன் வறுவலும் மதிப்பெண் எழுதி முடித்த பிறகு.

சுவைக்கும் முறை

முதலில் மூக்கு. ஊற்றிய உடனே இரண்டு மூன்று குட்டி முகர்வு. சில வாசங்கள் ஒரு நிமிடத்தில் பறந்துவிடும். பிறகு கிளாஸை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி, திறந்து மறுபடி முகருங்கள். மூக்கு பழகிப்போனால் உங்கள் முழங்கைச் சட்டையை முகர்ந்துவிட்டு வாருங்கள், திரும்பவும் உணரும்.

அடுத்து கண்: நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது, நிறம், கலங்கல். பிறகு ஒரு நிறைவான வாய். வாய் முழுவதும் படவிட்டு விழுங்குங்கள். ஒயினைப் போலத் துப்ப வேண்டாம்; கசப்பு தொண்டைக்குப் போன பிறகும் நீளும், அதைத்தான் கவனிக்க வேண்டும். அரை நிமிடம் பொறுத்து என்ன மிச்சமிருக்கிறது என்று எழுதுங்கள். கடைசியில் கனம், வாயுவின் குத்தல், ஆல்கஹால் சூடு.

எல்லோரும் எழுதி முடிக்கும்வரை ஒருவரும் பேசக்கூடாது. முகத்தைச் சுளிப்பதும் பேச்சுதான். ஒருவர் "வாழைப்பழம்" என்றதும் மேசையில் எல்லோருக்கும் வாழைப்பழம் தெரியத் தொடங்கும்.

வார்த்தைகளை நம் சமையலறையிலிருந்தே எடுங்கள். ஆங்கிலக் குறிப்புகளைப் பார்த்து, சாப்பிட்டே இராத ஏதோ ஒரு பெர்ரிப் பழத்தின் பெயரை எழுதுவதால் பயனில்லை. ஹெஃபெவைசனில் கனிந்த வாழைப்பழமும் கிராம்பும். காஸ்கேட் ஹாப்ஸில் பம்ப்ளிமாஸ் தோல். சிட்ரா ஹாப்ஸில் மாம்பழமும் எலுமிச்சையும். இருண்ட மால்ட்டில் கருப்பட்டி, காப்பித்தூள், அடிபிடித்த ரொட்டி. லயன் ஸ்டவுட்டில் கருப்பட்டியோடு உலர் திராட்சையும் சாக்லேட்டும் தேடிப் பாருங்கள்.

மதிப்பெண்

பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க நடுவர் அமைப்பின் 50 மதிப்பெண் தாள் நன்றாக வேலை செய்கிறது: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணர்வு 5, மொத்த அபிப்பிராயம் 10. தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பது சரியான முடிவு. அழகான நுரை பலரை மயக்கிவிடும்.

"வகைக்குப் பொருத்தமா" என்பதும் "எனக்குப் பிடிக்கிறதா" என்பதும் வேறு கேள்விகள். 50க்கான தாள் முதல் கேள்விக்கு. இரண்டாவதற்குத் தனியாக ஒரு வரி: பிடித்த வரிசையில் எண்களை எழுதுங்கள். குழுவின் முடிவுக்கு அந்த வரிசை எண்களைக் கூட்டினால் போதும். குறைந்த கூட்டுத்தொகை முதலிடம். ஒருவர் தாராளமாக 40 போடுவார், இன்னொருவர் கஞ்சத்தனமாக 25 போடுவார். வரிசை அந்தக் குணத்தைச் சமன் செய்துவிடும்.

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: ஊற்றுபவர் ஒரு பீரை யாருக்கும் சொல்லாமல் இரண்டு எண்களில் இரண்டு முறை தரட்டும். முடிவில் ஒவ்வொருவரும் அந்த ஒரே பீருக்கு எவ்வளவு வேறுபட்ட மதிப்பெண் போட்டார்கள் என்று பாருங்கள். ஒருவர் 31உம் 38உம் போட்டிருந்தால், அவர் தாளில் ஏழு மதிப்பெண்ணுக்குக் குறைந்த எந்த வித்தியாசத்துக்கும் அன்று அர்த்தமில்லை. "ஜெர்மன் பீர் மூன்று மதிப்பெண்ணில் ஜெயித்தது" என்ற வாக்கியம் அதோடு விழுந்துவிடும். பயிற்சி ஏற ஏற இந்த இடைவெளி சுருங்கும். உங்கள் நாக்கு எவ்வளவு தேறியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேர்மையான அளவு கிடையாது.

முக்கோணச் சோதனை

இரண்டு பீருக்கு இடையே நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறதா என்று பார்க்க மூன்று கிளாஸ் தருவது இது. இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். தெரியாவிட்டாலும் ஊகித்தே ஆக வேண்டும்.

ஆறு பேர் இருந்தால் மிகக் கச்சிதம். அஅஆ, அஆஅ, ஆஅஅ, அஆஆ, ஆஅஆ, ஆஆஅ என்ற ஆறு வரிசைகளும் ஆளுக்கு ஒன்று. கிளாஸுக்கு 50 மி.லி. என்றால் ஒவ்வொரு பீரும் 450 மி.லி. தேவை, 330 மி.லி. பாட்டில் இரண்டிரண்டு. நிறம் வேறுபட்டால் ஒளிபுகாத எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுங்கள், எல்லோருக்கும் அதே டம்ளர்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஆறில் இரண்டு பேர் சராசரியாகச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மூன்று பேராவது சரி என்பது ஊகத்திலேயே மூன்றில் ஒரு தடவை நேரக்கூடியது. அதைக் கொண்டாட வேண்டாம். ஐந்து பேர் சுவைத்தால் நாலு, ஆறு பேருக்கு ஐந்து, ஒன்பது பேருக்கு ஆறு, பன்னிரண்டு பேருக்கு எட்டு சரியான விடை வந்தால்தான் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லலாம். தற்செயலாக அப்படி வருவது 20இல் ஒன்றுக்கும் குறைவு.

குறைகளை அடையாளம் காணப் பழகுங்கள்

பீர் மோசமாகக் காய்ச்சப்பட்டதா, வழியில் கெட்டதா என்று பிரித்தறியாமல் ஒப்பீடு முழுமையாகாது.

ஒளிபட்ட வாசத்தை வீட்டிலேயே உண்டாக்கிப் பார்க்கலாம். பச்சை பாட்டில் லாகர் ஒன்றை இரண்டு கண்ணாடிக் கிளாஸில் ஊற்றுங்கள். ஒன்றைத் தட்டால் மூடி அலமாரிக்குள் வையுங்கள். இன்னொன்றை மாடியில் நேர் வெயிலில் 15 நிமிடம் வையுங்கள். இரண்டையும் மறுபடி ஃப்ரிட்ஜில் குளிர்வித்து முகருங்கள். வெயிலில் இருந்ததில் எரிந்த ரப்பரும் கேஸ் கசிவும் கலந்தது போன்ற ஒரு கந்தக நெடி எழும். மேல்நாட்டார் ஸ்கங்க் என்ற பிராணியின் வாசம் என்பார்கள். நம் பக்கம் அந்தப் பிராணி இல்லை. ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளியில் உடைந்து கந்தகத்தோடு சேர்வதால் வருவது இது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு பிடித்துவிடும். பச்சை பாட்டில் இறக்குமதி லாகர்களின் "தனி ருசி" என்று பலர் நினைப்பது பல நேரம் இதைத்தான்.

பழசான வாசத்துக்குப் பொறுமை வேண்டும். ஒரே தேதி லாகர் நாலு வாங்கி, இரண்டை ஃப்ரிட்ஜிலும் இரண்டைச் சூடான பரணில் துணி சுற்றியும் மூன்று வாரம் வையுங்கள். பிறகு குளிர்வித்து முக்கோணச் சோதனை நடத்துங்கள். பரணில் இருந்தது தட்டையாக, நனைந்த அட்டைப்பெட்டி போல, சில நேரம் பழைய தேன் போல இருக்கும். இறக்குமதி பீரில் இந்த வாசம் வந்தால் பயணத்தைக் குறை சொல்லுங்கள், காய்ச்சியவரை அல்ல.

காய்ச்சியவரின் பொறுப்பு என்று சொல்லக்கூடியவை வேறு. பச்சை ஆப்பிள் வாசம் என்றால் புளித்தல் முடியும் முன் அவசரமாக இறக்கியது. பட்டர் பாப்கார்ன் என்றால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை, அல்லது குழாய்களில் கிருமி. வேகவைத்த சோளம், முட்டைக்கோஸ் வாசம் என்றால் கொதிக்கவைத்தது போதவில்லை. திறந்ததும் பொங்கி வழிந்து, புளிப்பும் அடித்தால் பெரும்பாலும் தொற்று. ப்ரூபப்பின் புது பீரில் இவை வரலாம். புதுசு என்பதற்காகவே மதிப்பெண் போட்டுவிடாதீர்கள்.

ஒரே பீரை அதனோடே ஒப்பிடுதல்

சில அமர்வுகளுக்குப் பிறகு செய்ய வேண்டியது இது. பெல்ஜியத்தின் ஓர்வால், 6.2 சதவீதம், இதற்கென்றே படைத்தது போன்றது. அடைக்கும்போது ப்ரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்ப்பதால் பாட்டிலுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். லேபிளில் அடைத்த நாளும், ஐந்தாண்டு தள்ளிய கடைசி நாளும் இரண்டும் அச்சிட்டிருக்கும். இளம் பாட்டிலில் ஹாப்ஸ் மணமும் கூரான கசப்பும். ஓராண்டு தாண்டினால் தோல் வாசமும் வறட்சியும் ஏறி, இனிப்பு அநேகமாக மறைந்துவிடும். ஒரே தேதி பாட்டில் மூன்றை வாங்குங்கள். 12 முதல் 15 டிகிரியில் இருட்டில் நிற்க வையுங்கள். அப்படி இடமில்லாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு, மாற்றம் மெதுவாகும். எட்டு மாதத்துக்கு ஒன்று என்று திறந்து, ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கிய பாட்டில் ஒன்றோடு எண் போட்டுச் சுவையுங்கள். தாளின் மேல் வரியில் அடைத்த நாள், திறந்த நாள், ஊற்றியபோது இருந்த டிகிரி மூன்றையும் எழுதிவிட்டுத்தான் முதல் முகர்வு.